காருக்குக் கார் ஹாரன் சத்தம் மாறுவது ஏன்?

கேள்வி: எல்லா ஹாரனும் 12 வோல்ட்தானே, சத்தம் மட்டும் ஏன் வேறுபடுகிறது? என் கார் ஹாரன் கரகரக்கிறது, அதன் சத்தத்தைச் சரிசெய்யும் திருகைத் (ஸ்க்ரூ) திருப்பலாமா?

பதில்: ஹாரனுக்குள் மின்காந்தம் மெல்லிய எஃகுத் தகட்டை இழுக்கும், இழுத்ததுமே பாயின்ட் (மின்சாரத்தை இணைக்கும் தொடுமுனை) விலகி மின்சாரம் அறுபடும், தகடு திரும்பிவிடும். நொடிக்கு 400, 500 தடவை இப்படி அதிர்வதுதான் சத்தம். தகட்டின் தடிமனும் அகலமும் மாறினால் சுருதி மாறும். தட்டு ஹாரன் சுள்ளென்று ஒலிக்கும். நத்தை ஓடுபோல் சுருண்ட குழல் உள்ளது கனமாக ஒலிக்கும். பல கார்களில் வேறு வேறு சுருதியில் இரண்டு ஹாரன்கள் இருக்கும். ஒன்று செத்தால் தொனியே மெலிந்துவிடும். பலர் இதைக் கவனிப்பதே இல்லை.

திருகைத் தொடுமுன் எர்த் இணைப்பின் (மின்சாரம் கார் உடல் வழியாகத் திரும்பும் இணைப்பு) துருவைச் சுரண்டுங்கள். ஒலிக்கும்போது ஹாரன் முனையில் வோல்ட் மிகவும் இறங்கினால் பேட்டரி, ஒயர், ரிலே (ஹாரனுக்கு மின்சாரம் விடும் சுவிட்ச்) ஆகியவற்றைப் பாருங்கள். அவை சரியென்றால் மட்டும் திருகைக் கால் சுற்றுக்குள் மெல்லத் திருப்புங்கள். மீறினால் பாயின்ட் விலகாமல் நின்று மின்காந்தத்தின் கம்பிச்சுருள் கருகிவிடும்.