கராத்தே வகுப்பில் நடந்துகொள்ளும் முறை: வாசகர் கேள்விகள்

கேள்வி: வேலை முடிந்து வருவதால் சில நாள் பத்து நிமிடம் தாமதமாகிவிடுகிறது. நடுவில் நுழைவது மரியாதைக் குறைவா?

பதில்: வராமல் இருப்பதைவிடத் தாமதமாக வருவது எவ்வளவோ மேல். சீருடை, பெல்ட் எல்லாம் உடை மாற்றும் இடத்திலேயே கட்டிவிடுங்கள். வாசலில் குனிந்து வணங்கிவிட்டு, ஓரத்தில் மண்டியிட்டு உட்காருங்கள். சென்செய் (ஆசிரியர்) பார்த்து அழைத்த பிறகே எழ வேண்டும். உங்கள் பெல்ட்டுக்குரிய இடத்தைத் தேடி வரிசைக்குக் குறுக்கே போகாமல் கடைசியில் நில்லுங்கள். உதைத்துப் பழகுகிறவருக்குப் பின்னால் வருபவர் தெரியமாட்டார். வார்ம்-அப்பைத் தவறவிட்டிருப்பதால், ஐந்து நிமிடம் ஓரத்தில் உடலைச் சூடாக்க அனுமதி கேளுங்கள். அதில்லாமல் உயர உதைத்தால் முதலில் பிடித்துக்கொள்வது தொடையின் பின்தசைதான்.

கேள்வி: ஸ்பாரிங்கில் (ஜோடியாக மோதிப் பழகும் பயிற்சியில்) என்னோடு மோதும் பிரவுன் பெல்ட்காரர் பலமாக அடிக்கிறார். மூத்தவரிடம் எப்படிச் சொல்வது?

பதில்: அந்த நிமிடமே சொல்லுங்கள். "கொஞ்சம் மெதுவாக" என்றால் போதும். பெல்ட் உயர உயர அடியை நிறுத்தும் கட்டுப்பாடும் கூட வேண்டும். அதைக் கேட்பது அவமரியாதை ஆகாது. மறுபடியும் அப்படியே அடித்தால் வணங்கி விலகி, சென்செயிடம் சொல்லிவிடுங்கள். பதிலுக்கு நீங்களும் பலத்தைக் கூட்டுவதுதான் கூடவே கூடாது. ஒவ்வொரு அடியும் முந்தையதைவிடக் கொஞ்சம் ஏறி, கடைசியில் யாருடைய மூக்காவது உடையும்.

உங்கள் பக்கமும் ஒன்றைக் கவனியுங்கள். புதியவர்கள் பலர் கண்ணை மூடிக்கொண்டு தலையை முன்னே நீட்டிக் குனிகிறார்கள். தோலைத் தொடாமல் நிற்க வேண்டிய குத்து அப்போது முகத்தில் இறங்கிவிடும். இது அடித்தவர் குற்றமல்ல.

பிடி, மூட்டுப்பூட்டு பழகும்போது, வலி தொடங்கும் முன்பே எதிராளியின் உடலிலோ தரையிலோ இரண்டு முறை தட்டுங்கள். கை சிக்கியிருந்தால் காலால் தட்டலாம், வாய்விட்டும் சொல்லலாம். தட்டியதும் பூட்டியவர் அக்கணமே விட வேண்டும். "இன்னும் கொஞ்சம்" என்று பார்ப்பவரோடு ஜோடி சேராதீர்கள். தலையில் அடிபட்டு மயக்கமோ குமட்டலோ வந்தால் அன்றைய பயிற்சி முடிந்தது. மருத்துவர் பார்த்துச் சம்மதிக்கும்வரை ஸ்பாரிங் வேண்டாம்.

கேள்வி: சீருடை விஷயத்தில் எதெல்லாம் கட்டாயம்?

பதில்: ஒவ்வொரு வகுப்புக்கும் துவைத்தது. வியர்வை ஊறியதையே திரும்பப் போட்டால் படர்தாமரை ஜோடிக்கு ஜோடி பரவும். தோலில் அப்படி ஏதாவது தெரிந்தால் ஆறும்வரை தொட்டுப் பழகும் பயிற்சிக்கு வராதீர்கள். சட்டையின் இடப்பக்கம் வலப்பக்கத்தின் மேல் வர வேண்டும். ஜப்பானில் வலப்பக்கத்தை மேலே வைத்துக் கட்டுவது இறந்தவர்களுக்கு. பெல்ட் முடிச்சு தொப்புளுக்குக் கீழே, இரு நுனிகளும் சம நீளம். நடுவில் அவிழ்ந்தால் சென்செய்க்கும், எல்லோரும் வணங்கும் முன்சுவருக்கும் முதுகு காட்டித் திரும்பி நின்று கட்டுங்கள். அவர்கள் முன் உடையைச் சரிசெய்யக் கூடாது என்பதே முறை. கை, கால் நகங்களை ஒட்ட வெட்டுங்கள். மோதிரம், தோடு, சங்கிலி எல்லாம் கழற்றிவிட வேண்டும்.

கேள்வி: மகளின் வகுப்பை ஓரத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன். தவறாக நின்றால் குரல் கொடுத்துத் திருத்தலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் குரல் கேட்டதும் அவள் தலை உங்கள் பக்கம் திரும்பும். எதிரே நிற்பவரின் உதை அதற்குள் கிளம்பியிருக்கும்.