மிகை எங்கே இருக்கிறது?

கேள்வி: 'தி கேர்ள் வித் தி டிராகன் டாட்டூ' என்ற ஸ்வீடன் படத்தை (2009) அண்மையில் பார்த்தேன். துப்பறியும் பகுதி அபாரம். லிஸ்பெத்தாக நடித்த நூமி ராபாஸ் கண்ணிலேயே நிற்கிறார். ஆனால் லிஸ்பெத்துக்கு நடக்கும் வன்கொடுமையை அப்படிக் காட்டியிருக்க வேண்டுமா? கொலைகாரன் யாரென்று தெரிந்த பிறகும் படம் இழுத்துக்கொண்டே போகிறது. நல்ல படம் என்பதா, வேண்டாம் என்று ஒதுக்குவதா?

பதில்: ஒதுக்காதீர்கள். படத்தில் குறை உண்டு. நீங்கள் முதலில் சுட்டும் இடத்தில் இல்லை.

அந்தக் காட்சிகள் எனக்கும் தாங்கவில்லை. தாங்கக்கூடாது என்றே எடுத்திருக்கிறார்கள். லிஸ்பெத் வயது வந்தவள், கணினியில் புலி. ஆனாலும் சட்டத்தின் கண்ணில் தன் பணத்தைத் தானே கையாளத் தகுதியற்றவள். அரசு நியமித்த காப்பாளர் சம்மதித்தால்தான் அவள் பணம் அவள் கைக்கு வரும். கணினி உடைந்துவிட்டது, வேறு வாங்கப் பணம் வேண்டும் என்று கேட்டுப் போகிறாள். அதற்கு அவளது உடலையே விலையாகக் கேட்கிறான் அந்தக் காப்பாளன். அவன் ஒரு வழக்கறிஞன். அவளைப் பற்றி அவன் எழுதும் அறிக்கைக்கு மதிப்பு உண்டு, மனநோயாளி என்று முத்திரை குத்தப்பட்ட அவள் பேச்சுக்கு இல்லை. இதைக் காட்டாமல் காமிரா முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தால், பிறகு அவள் திருப்பி அடிப்பது வெறும் பழிவாங்கும் சாகசமாகிப் போயிருக்கும். படத்தின் உண்மையான இருட்டு இந்த அலுவலக அறையில்தான் இருக்கிறது.

அதனால்தான் கொலைகாரன் விஷயத்தில் எனக்கு ஏமாற்றம். அவன் யாரென்று இன்னும் பார்க்காதவர்களுக்காகச் சொல்லாமல் விடுகிறேன். ரகசிய அறையும் கருவிகளுமாக அவனை ஓர் அரக்கனாக்கிவிட்டார்கள். அரக்கன் என்றதும் நமக்கு நிம்மதி வந்துவிடுகிறது. அவன் நம்மில் ஒருவன் இல்லையே! மூலநாவலை எழுதிய ஸ்டீக் லார்சன், ஸ்வீடனின் தீவிர வலதுசாரிக் குழுக்களை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த பத்திரிகையாளர். 1995-இல் 'எக்ஸ்போ' இதழைத் தொடங்கியவர்களில் ஒருவர். 2004-இல் இறந்தார், நாவல் வெளிவந்தது 2005-இல். வாங்கர் என்ற தொழிலதிபர் குடும்பத்துக்குள் நாஜிகளை அவர் வைத்தது சும்மா அல்ல. படத்திலோ அது துப்புகளில் ஒன்றாகச் சுருங்கிவிட்டது.

துப்பறியும் பகுதி பற்றி நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. 1966-இல் மறைந்துபோன வாங்கர் குடும்பப் பெண் ஹாரியட்டின் பழைய புகைப்படங்களை, அவளுக்கு என்ன நடந்தது என்று தேடும் பத்திரிகையாளன் மிக்கேல் வரிசையாக ஓட்டும்போது, ஊர்வலக் கூட்டத்தில் அவள் முகம் மாறுகிறதே, அந்த இடத்துக்காக மட்டுமே இயக்குநர் நீல்ஸ் ஆர்டன் ஆப்லெவைப் பாராட்டலாம். துரத்தலும் இல்லை, துப்பாக்கியும் இல்லை.

இழுவை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். மிக்கேலைச் சிறைக்கு அனுப்பிய வேறொரு தொழிலதிபரின் கதையைத் தொடக்கத்தில் அவசரமாகக் கடந்துவிட்டு, கடைசியில் அதன் முடிச்சை அவிழ்க்கிறார்கள். நமக்கு அக்கறை எங்கிருந்து வரும்?

டேவிட் ஃபின்ச்சர் 2011-இல் எடுத்த ஆங்கிலப் படம் இன்னும் நேர்த்தியானது. ஆனாலும் லிஸ்பெத் என்றால் எனக்கு நூமி ராபாஸ்தான். நண்பர்களுக்குத் தாராளமாகச் சொல்லுங்கள். இப்படிப்பட்ட காட்சிகள் இருக்கின்றன என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அத்தகைய கொடுமையை வாழ்க்கையில் அனுபவித்த ஒருவர் எச்சரிக்கையின்றி இதன் முன் உட்காரக்கூடாது.