மன்னித்தாச்சு, மறுபடி உறவாடணுமா? – ஓய்வுபெற்ற குருவானவர் ஒருவரின் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, நெருங்கிய தோழி என்னைப் பற்றி ஊரெல்லாம் தப்பாகப் பேசினாள். மன்னித்துவிட்டேன் என்று ஜெபித்தேன். ஆனாலும் அவளைக் கண்டால் வயிறு எரிகிறது. என் மன்னிப்பு பொய்யா?

பதில்: பொய் இல்லை அம்மா. மத்தேயு 18-இல் வரும் கடன்காரன் கதையில், ராஜா அவனுக்குத் தள்ளுபடி செய்த பதினாயிரம் தாலந்தைப் பற்றியே எல்லாரும் பேசுகிறோம். இன்னொருவன் அவனிடம் பட்ட கடனைப் பாருங்கள், நூறு வெள்ளிப்பணம். அன்றைக்கு ஒரு வெள்ளிப்பணம் என்பது ஒரு நாள் கூலி. நூறு நாள் கூலி சில்லறைக் காசா? உங்களுக்கு வந்த நஷ்டம் நிஜம் என்று அந்தக் கதையே ஒத்துக்கொள்கிறது. வலி திரும்பத் திரும்ப வரத்தான் செய்யும். வயிறு எரியும்போது பழிவாங்க வழி தேடுகிறீர்களா என்று மட்டும் பாருங்கள். ஏழெழுபது தரம் மன்னிக்கும்படி இயேசு பேதுருவிடம் சொன்னது, ஒரே குற்றத்தைப் பலமுறை மன்னிக்க வேண்டியிருப்பதற்கும் பொருந்தும் என்பது என் எண்ணம்.

கேள்வி: அப்பா உயில் எழுதாமல் காலமாகிவிட்டார். "விசுவாசிதானே, மன்னித்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடு" என்கிறார் அண்ணன். நான் மறுத்ததால், மன்னிக்காதவள் திருவிருந்து எடுக்கலாமா என்று சபையில் பேசுகிறார்கள்.

பதில்: தங்கச்சி, மன்னிப்பு வேறு, பத்திரம் வேறு. 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா இருந்தால் அவருக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமம். மகன், மகள் வித்தியாசம் கிடையாது. நீயாக மனசாரக் கொடுத்தால் அது தானம். வசனம் சொல்லிப் பிடுங்கினால் அதற்குப் பெயர் வேறு.

திருவிருந்துக்கு வருவோம். மலைப்பிரசங்கத்தில் இயேசு, காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு எழுந்து போகச் சொன்னது யாரை? தன்மேல் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவு வந்தவனை. உங்கள் வீட்டில் அது அண்ணன்! கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பலர் கலிலேயர்கள். பலிபீடமோ எருசலேமில், ஏறக்குறைய மூன்று நாள் நடை. அவ்வளவு தூரம் திரும்பிப்போய் ஒப்புரவாகிவிட்டு வா என்கிறார் ஆண்டவர். நம் ஆராதனையில் சமாதானம் கைமாறும் நேரத்தில் இரண்டு பெஞ்சு தாண்டி உட்கார்ந்திருக்கும் தங்கையிடம் வர அண்ணனுக்கு என்ன கஷ்டம்?

உன் பங்குக்கு மத்தேயு 18:15 இருக்கிறது. தனியாகப் போய்க் குற்றத்தைச் சொல். கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போ. உன்னைப் பற்றிப் பேசுகிறவர்களையே பஞ்சாயத்துக்குக் கூப்பிடேன், எத்தனை பேர் வருகிறார்கள் பார்ப்போம். அதற்கும் மசியாவிட்டால் வக்கீலைப் பார்ப்பதில் தப்பில்லை என்பேன். விசுவாசிகள் ஒருவர்மேல் ஒருவர் வழக்காடுவதைக் கண்டிக்கும் 1 கொரிந்தியர் 6-ஐக் காட்டி மடக்குவார்கள். அநியாயத்தைச் சகித்துக்கொள்ளலாமே என்று பவுல் கேட்பது உண்மைதான். அடுத்த வசனத்திலேயே, சகோதரருக்கே அநியாயம் செய்கிறீர்களே என்றும் சாடுகிறார். அதையும் சேர்த்து வாசிக்கச் சொல்.

கேள்வி: கணவர் குடித்துவிட்டு அடிப்பார், மறுநாள் காலில் விழுந்து அழுவார். இப்போது அம்மா வீட்டில் இருக்கிறேன். மன்னித்தால் திரும்பிப் போகத்தானே வேண்டும் என்கிறார் போதகர்.

பதில்: போக வேண்டாம் அம்மா. 1 சாமுவேல் 26-ஐப் போதகரோடு உட்கார்ந்து வாசியுங்கள். தாவீதைக் கொல்லத் தேடிவந்த சவுல் ராஜா தூங்குகிறான், தலைமாட்டில் ஈட்டி குத்தி நிற்கிறது. தாவீது அவனைத் தொடவில்லை. ஈட்டியையும் தண்ணீர்ச் செம்பையும் எடுத்துக்கொண்டு தூரத்து மலையுச்சியில் போய் நின்று குரல் கொடுக்கிறான். "பாவஞ்செய்தேன், திரும்பி வா" என்கிறான் சவுல். இரண்டு அதிகாரத்துக்கு முன்பும் சத்தமிட்டு அழுதவன்தான். அதற்கும் முன்பு தாவீதின்மேல் ஈட்டி எறிந்தவன். தாவீது கிட்டப் போகவில்லை. ஈட்டியை வாங்கிப்போக ஒரு வாலிபனை அனுப்பச் சொல்லிவிட்டுத் தன் வழியே போய்விட்டான்.

கணவர் குடிக்குச் சிகிச்சை எடுக்கட்டும். குடியில்லாமல் எத்தனை மாதம் நிற்கிறார் என்று பாருங்கள். அழுகையை வைத்து முடிவு செய்யாதீர்கள். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாதுகாப்பு உத்தரவு வாங்கலாம். 181-க்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள். போலீசுக்குப் போனால் மன்னிக்கவில்லை என்று ஆகிவிடாது. 1999-இல் ஒடிசாவில் கணவரையும் இரண்டு மகன்களையும் உயிரோடு எரித்தவர்களைக் கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் மன்னித்தார். வழக்கும் நடந்தது, தண்டனையும் வந்தது.

கேள்வி: டிசம்பர் 31 இரவு ஆராதனைக்கு முன், "ஏதாவது தப்பு செய்திருந்தால் மன்னிக்கவும்" என்று எல்லாருக்கும் வாட்ஸ்அப் அனுப்புகிறேன். போதுமா?

பதில்: போதாது தம்பி. யாருக்கு என்ன செய்தாய் என்று உனக்கே தெரியும். அந்த நாலு பேருக்குப் போன் போடு.

கேள்வி: நான் கத்தோலிக்கன். சீட்டு நடத்தும்போது ஓர் அக்காவை நாற்பதாயிரம் ரூபாய் ஏமாற்றிவிட்டேன். பாவசங்கீர்த்தனம் செய்தாயிற்று. அவருக்கு விஷயமே தெரியாது. இனி என்ன?

பதில்: பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். இதில் உங்கள் சபைக்கும் எங்கள் சபைக்கும் சண்டையே கிடையாது. தானாக ஒத்துக்கொள்கிறவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்க வேண்டும் என்கிறது எண்ணாகமம் 5:7. உங்கள் கணக்கில் நாற்பத்தெட்டாயிரம். இயேசுவைச் சந்தித்த வரிவசூல்காரன் சகேயு நாலத்தனையாக, அதாவது நாலு மடங்காகக் கொடுக்கிறேன் என்றான், ஆடு திருடி விற்றவனுக்குச் சட்டம் வைத்த அபராதம் அது. அந்த அளவுக்கு உங்களைக் கேட்கவில்லை. மொத்தமாக முடியாவிட்டால் மாதாமாதம் கொடுங்கள். ஆனால் நேரில் போய், எந்தச் சீட்டில் எவ்வளவு எடுத்தீர்கள் என்று சொல்லி முதல் தவணையைக் கையில் கொடுங்கள். அக்கா திட்டிக் கதவைச் சாத்தினாலும் அடுத்த மாதம் போங்கள். தவணை பாக்கி இருக்கிறதே.