டிரம்ஸ் பழக தினசரிப் பயிற்சியை எப்படி அமைத்துக்கொள்வது?

தினமும் டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்தும் பிடித்த பாட்டுக்கு வாசிப்பதிலேயே நேரம் போய்விடுகிறது, கை வேகம் கூடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நேரத்தைக் கூட்டுவதற்கு முன்னால் ஒரு நோட்டு வாங்குங்கள். எந்தப் பயிற்சியை எந்த டெம்போவில் (வேகத்தில்) பிசிறில்லாமல் வாசித்தீர்கள் என்று அன்றன்றைக்கு எழுதி வையுங்கள். அந்த எண்தான் மறுநாள் எங்கே தொடங்குவது என்பதைச் சொல்லும்.

45 நிமிடம் இருந்தால் முதல் 15 நிமிடம் பிராக்டிஸ் பேடில்தான் (ரப்பர் பரப்புள்ள பயிற்சிப் பலகை). ஸ்டிக்கின் அடிமுனையிலிருந்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தள்ளி, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பிடிக்கட்டும். மற்ற விரல்கள் தளர்வாகச் சுற்றியிருந்தால் போதும். இறுக்கிப் பிடித்தால் ஸ்டிக் துள்ளி எழாது. எழாத ஸ்டிக்கை ஒவ்வொரு முறையும் கையால் தூக்க வேண்டிவரும், வேகம் அங்கேயே நின்றுவிடும்.

சீரான இடைவெளியில் கிளிக் ஒலி தரும் மெட்ரோனோமை 60-இல் (நிமிடத்துக்கு 60 கிளிக்) வைத்து, கிளிக்குக்கு நான்கு அடி. முதலில் சிங்கிள் ஸ்ட்ரோக் (வலது, இடது என்று மாறி மாறி), பிறகு டபுள் ஸ்ட்ரோக் (வலது வலது, இடது இடது), கடைசியில் பாரடிடில்: வ இ வ வ, இ வ இ இ. ரூடிமென்ட் (அடிப்படை அடிக்கோவைகள்) பட்டியலில் 40 இருக்கிறதே என்று மலைக்காதீர்கள், முதல் சில மாதங்களுக்கு இந்த மூன்றே தாராளம்.

அதிகம் பேர் சறுக்குவது டபுள் ஸ்ட்ரோக்கில். முதல் அடியை மணிக்கட்டு போடுகிறது, இரண்டாவதைத் துள்ளலின் பொறுப்பில் விட்டுவிடுகிறோம். அதனால் அது மெலிந்து கேட்கும். மெதுவான டெம்போவில் இரண்டு அடியையும் ஒரே உயரத்திலிருந்து மணிக்கட்டாலேயே போடுங்கள். அடுத்து, வேண்டுமென்றே இரண்டாவது அடிக்கு மட்டும் அழுத்தம் கொடுத்து இரண்டு நிமிடம் வாசியுங்கள். டெம்போ ஏற ஏற அந்த இரண்டாவது அடியை விரல்கள் மூடி வாங்கிக்கொள்ளும். தோள் தளர்வாக இருக்கும் நிலையிலேயே இரண்டு நிமிடம் தடுமாறாமல் வந்தால் 4 பிபிஎம் (நிமிடத்துக்கு 4 கிளிக்) கூட்டலாம். முன்கை இறுகினால் 10 குறையுங்கள். வலித்தால் அன்றைக்கு அந்தப் பயிற்சியை நிறுத்திவிட வேண்டும். வலியோடு வாசித்துத் திறமை வளராது, காயம்தான் வளரும்.

அடுத்த 20 நிமிடம் முழு செட்டில். காது அடைப்பான் போட்டுக்கொள்ளுங்கள், இதில் சமரசமே வேண்டாம். டெம்போ 70. கிளிக்குகளை நான்கு நான்காக எண்ணிக்கொண்டு, ஹை-ஹேட்டில் (ஜோடித் தட்டு) கிளிக்குக்கு இரண்டு அடி, கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) 1-லும் 3-லும், ஸ்நேர் (முன்னால் இருக்கும் கூர்மையான ஒலியுள்ள டிரம்) 2-லும் 4-லும். ஸ்நேரும் ஹை-ஹேட்டும் ஒரே அடியாகக் கேட்கிறதா, இல்லை ஒன்றையொன்று துரத்துகிறதா என்று கவனியுங்கள். அது சரியான பிறகு கைகளை மாற்றாமல் கிக்கை மட்டும் ஓரிடத்தில் நகர்த்துங்கள். கைகள் காலோடு சேர்ந்து தடுமாறினால் டெம்போ அதிகம் என்று பொருள்.

ஃபில்லை (பீட்டுக்கு நடுவே வரும் சிறு அலங்கார வாசிப்பு) தனியாக எடுத்துப் பழகாதீர்கள். மூன்று பார் (நான்கு கிளிக் ஒரு பார்) பீட், ஒரு பார் ஃபில், மீண்டும் பீட். அநேகமாக எல்லோருமே ஃபில்லுக்குள் ஓடுவார்கள். பீட்டுக்குத் திரும்பும்போது அடிக்கும் கிராஷ் (பெரிய தட்டு) கிளிக்குக்கு முன்னாலேயே விழுந்துவிடும். வாய்விட்டு ஒன், டூ, த்ரீ, ஃபோர் எண்ணிக்கொண்டே வாசித்தால் இது கட்டுக்குள் வரும். நன்றாகப் பிடிபட்டதும் மெட்ரோனோமைப் பாதியாக, அதாவது 35-ஆக வைத்து, அந்தக் கிளிக்கை 2, 4 என்று எடுத்துக்கொள்ளுங்கள். இடையில் நீங்கள் ஓடுவதும் இழுப்பதும் அப்பட்டமாகத் தெரியும்.

மிச்சம் 10 நிமிடத்தில் ஒரு பாட்டுக்கு வாசித்து, ஃபோனில் பதிவு செய்து உடனே கேளுங்கள். வாசிக்கும்போது காதில் படாத பிழை பதிவில் பளிச்சென்று கேட்கும். அதில் ஒன்றை மட்டும் நோட்டில் குறித்து வைத்து, மறுநாள் செட்டில் உட்காரும்போது அதிலிருந்தே தொடங்குங்கள். 15 நிமிடம்தான் கிடைக்கும் நாளில் பாட்டை விட்டுவிடலாம். பேடில் டபுள் ஸ்ட்ரோக்கும் செட்டில் ஒரே ஒரு பீட்டும் போதும்.