அடியில்லாத கேத்தல்: ஒரு கடிதமும் பதிலும்

அண்ணா, போன கிழமை நீங்க போட்ட கேத்தல் கதைய வாசிச்சன். கல்லடியில ஒரு கிழவிட அலுமாரிக்குள்ள வெள்ளைக் கேத்தல், அதுக்கு அடியே இல்ல, மேசையில இருந்தா தேத்தண்ணி நிக்கிது, தூக்கிக் கீழால எட்டிப் பாத்தாத்தான் கொட்டுது. உம்மாக்கு வாசிச்சிக் காட்டினா விழுந்து விழுந்து சிரிக்கிறா. வந்த ஆள மந்திரத்தால பாயோட ஒட்ட வெக்கிறதெண்டு பேரெடுத்த மட்டக்களப்புல இருந்துகிட்டு வெள்ளக்காரன்ட கேத்தல்லயா மந்திரத்தத் தேடுறீங்க? கடைசில கிழவிட கையில முக்கோணமா கோடு விழுறதும் விளங்கல்ல.
– ஒரு வாசகி, அக்கரைப்பற்று

தங்கச்சி, கேத்தலுக்குப் பயப்படுற வயசா உம்மாக்கு, சிரிக்கட்டும்.

அந்தக் கேத்தல் உண்மையான சாமான்தான். 1975ல அமெரிக்காவுல யூட்டா யுனிவர்சிட்டில மார்ட்டின் நியூவெல் எண்டவர் கம்ப்யூட்டர்ல படம் போட்டுப் பாக்க நல்ல வளைவான சாமான் ஒண்டு தேடிக்கிட்டிருக்கக்குள்ள, அவர்ட மனிசி சாண்ட்ரா வீட்டுத் தேத்தண்ணி செட்டையே போடுங்களன் எண்டிருக்கா. அவரும் கிராஃப் பேப்பர்ல வரைஞ்சி, மூடி, கைப்பிடி, மூக்கு எல்லாத்தையும் கம்ப்யூட்டருக்குக் குடுத்தாரு, அடிய மட்டும் குடுக்கல்ல. மேசையில இருக்கிற கேத்தல்ட அடிய ஆர் பாக்கப்போறா! மறுகாதான் வேறாக்கள் அடி போட்டது. அதோட, அசல் கேத்தல் இப்ப கலிபோர்னியாவுல கம்ப்யூட்டர் மியூசியத்துல இருக்கு, படத்துல வாறதவிட அது உசரம். கதையில கிழவி கேத்தல அடிமட்டத்தால அளந்துபோட்டுக் குழறுறா எல்லா, அது இதாலதான், நான் கூட்டிச் சொன்னது கொஞ்சம்தான்.

பாய்க்கதைய யாழ்ப்பாணத்தாக்கள் சொல்லிச் சொல்லியே சப்பெண்டு போச்சு. அதுல செய்யிறவன் ஒருத்தன் இருக்கான், அவனுக்கு ஒரு தேவை இருக்கு, ஆளப் புடிச்சி ஊரோட வெச்சிக்கணும். இந்தக் கேத்தலுக்கு ஆருமே வினை வெக்கல்ல, ஒரு மனிசன் இது தேவையில்லண்டு விட்ட இடத்தால அது உள்ளுக்கு வந்திருக்கு. சூனியம் வெட்டுற கட்டாடியாரக் கூப்பிட்டு வெட்டவும் ஏலாது, ஆர்ட பேரச் சொல்லி வெட்டுற?

கோட்டுக்கு வாறன். 1972ல அதே யுனிவர்சிட்டில எட் கேட்மல், பின்னால பிக்ஸார் எண்ட கார்ட்டூன் படக் கம்பனிய உண்டாக்கினதுல ஒராள், தன்ட இடது கைய பிளாஸ்டர்ல வார்த்தெடுத்து, அதுக்கு மேல கிட்டத்தட்ட 350 முக்கோணமும் பலகோணமுமா கோடு கீறி, மூலை மூலையா அளந்து கம்ப்யூட்டருக்குள்ள ஏத்தி, ஃப்ரெட் பார்க்கோட சேந்து சின்னப் படம் ஒண்டு எடுத்தாரு. கை சுத்துது, விரல் மடியுது, மறுகா கேமரா கைக்குள்ளயே போகுது, உள்ளுக்கு எலும்புமில்ல ரத்தமுமில்ல, தோல்ட மற்றப்பக்கம் மட்டும்தான். அந்தக் கேத்தல்ல ஊத்திக் குடிச்சவக்கு வேற என்ன வரும் எண்டு நினைக்கிறீங்க? நெட்டுல தேடினா அந்தப் படம் கிடைக்கும், ராவைல பாக்காதீங்க.