வறண்ட முன்வாசலுக்குச் செடி வாங்குகிறீர்களா?

கேள்வி: ‘வறட்சி தாங்கும்’ என்று சீட்டு ஒட்டியிருந்த லாவெண்டர் பத்து வாங்கி நட்டேன். சீட்டை நம்பித் தண்ணீரே விடவில்லை. ஒரே மாதத்தில் ஒன்பது காய்ந்துவிட்டன. பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

பதில்: கேட்கலாம், கிடைக்காது. சீட்டில் இருப்பது பாதி உண்மை. மீதியை எந்தக் கடையும் அச்சடிப்பதில்லை. என்னுடைய வெகுநாள் எரிச்சல் இது. வேர் ஊன்றிய பிறகுதான் எந்தச் செடியும் வறட்சி தாங்கும். நட்ட புதிதில் அதன் வேர் இருப்பது தொட்டியளவு மண்ணில்தான். காற்று வேறு இலையின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். முதல் ஒன்றிரண்டு கோடைக்குத் தண்ணீர் கட்டாயம். தினமும் மேலாகத் தெளிப்பது வீண். சில நாளுக்கு ஒருமுறை ஆழமாக நனைய விட்டால் வேர் கீழே இறங்கும்.

அப்புறம், பூவைப் பார்த்து வாங்காதீர்கள். தொட்டியிலிருந்து உருவி வேரைப் பாருங்கள். உள்ளேயே வட்டமாகச் சுற்றிக் கிடந்தால், தரையில் வைத்தாலும் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். என் வாசலில் வைத்த ஆளுயர அரளி ஒரு பெருங்காற்றில் சாய்ந்தது. பார்த்தால் வேர் இன்னமும் தொட்டி வடிவத்திலேயே இருந்தது. ‘நன்றாக வேர் பிடித்த செடி’ என்று சொல்லித்தான் விற்றார்கள். சின்னச் செடியாகவே வாங்குங்கள். விலை குறைவு, காற்றுக்கும் சாயாது.

கேள்வி: கள்ளிச்செடியில் பூ மாதக்கணக்கில் வாடவில்லை. மழை நாளில் மூடி, வெயிலில் விரிந்தது. கிட்டே பார்த்தால், பசை போட்டு ஒட்டிய பூ.

பதில்: உங்கள்மேல் ஒரு தவறும் இல்லை. அது ஸ்ட்ராஃப்ளவர் என்கிற காய்ந்த பூ. உயிரில்லாவிட்டாலும் ஈரம் பட்டால் மூடும், காய்ந்தால் விரியும், யாரும் ஏமாறுவார்கள். வெடுக்கென்று பிய்க்காதீர்கள், தோல் கிழிந்தால் செடி அழுகும். படம் எடுத்து, ரசீதோடு போய்ப் பணத்தைக் கேளுங்கள். மாற்றுச் செடி தருகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: செயற்கைப் புல் போட்டால் தொல்லை விட்டதா?

பதில்: உச்சி வெயிலில் அதன்மேல் வெறுங்காலோடு நின்று பாருங்கள்.

கேள்வி: காற்றைத் தடுக்க உயரமான சுவர் கட்டச் சொல்கிறார் ஒப்பந்தக்காரர்.

பதில்: சொல்லுவார். முழுச் சுவரில் மோதிய காற்று மேலேறி, மறுபக்கம் சுழன்று இறங்கும்; உங்கள் செடிகள் நிற்பது அங்கேதான். ஏறக்குறைய பாதி இடைவெளி விட்ட வேலியோ புதர் வரிசையோ காற்றை வடிகட்டி அனுப்பும். வேலியின் உயரத்தைப்போலச் சுமார் 10 மடங்கு தூரம்வரை வேகம் தணியும்.

கேள்வி: மண்ணில் கலக்கும் ஜெல் மணிகள், எடையைப்போல நூற்றுக்கணக்கான மடங்கு நீர் பிடிக்குமாமே?

பதில்: சுத்தமான நீரில் பிடிக்கும். உப்பும் உரமும் கலந்த மண்ணில் அந்தக் கணக்கு வெகுவாக இறங்கிவிடும். அந்தப் பணத்துக்குச் சரளைக்கல் வாங்கி 5 செ.மீ. கனத்துக்கு மூடாக்குப் போடுங்கள், அதாவது ஈரம் காயாமல் மண்ணை மூடிவையுங்கள். சருகு, மரப்பட்டைச் சீவல் எல்லாம் காற்றில் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும்.

கேள்வி: தண்ணீரே இல்லாமல் பூக்கும் நீல ரோஜா விதை என்று ஆன்லைனில் வாங்கினேன். புல்தான் முளைத்தது.

பதில்: படத்தைப் பார்த்தபோதே சந்தேகம் வரவில்லையா? சரி, அந்தப் புல் வறட்சியையும் காற்றையும் தாங்குகிறதா? தாங்கினால் வைத்துக்கொள்ளுங்கள்.