டாக்டரம்மா பதில்கள்: மிளகாய் வறுக்கும் நெடி போலத்தான் கொரோனா

இந்த மாதக் கடிதக் கட்டைப் பிரித்தால், சர்க்கரை, முழங்கால் வலியைவிடக் கொரோனா கேள்விகள்தான் அதிகம். 2023 மே 5-ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் அவசரநிலை முடிந்தது என்று அறிவித்த பிறகு யாரும் இதை வெளியே பேசுவதில்லை. ஆனால் வீட்டுக்குள் சந்தேகங்கள் அப்படியே இருக்கின்றன. கும்பகோணத்தில் 31 வருடமாகப் பொது வைத்தியம் பார்க்கிறேன். என் கிளினிக்கிலும் தினமும் இரண்டு பேராவது குரலைத் தாழ்த்திக்கொண்டு இதையேதான் கேட்கிறார்கள். அதனால் இந்த முறை மற்றக் கேள்விகளை ஒதுக்கி வைத்துவிட்டேன்.

கேள்வி: என் மருமகள் இன்னமும் பால் பாக்கெட்டைச் சோப்புத் தண்ணீரில் கழுவுகிறாள். கத்திரிக்காய், வெண்டைக்காயைக்கூட விடுவதில்லை. சொன்னால் கோபம் வருகிறது. இது தேவைதானா?
– ஓய்வு பெற்ற தபால் ஊழியர், மயிலாடுதுறை

மருமகளைக் கடிந்துகொள்ளாதீர்கள் ஐயா. 2020-இல் அப்படிச் செய்யச் சொன்னதே எங்களைப் போன்ற டாக்டர்கள்தான். பிளாஸ்டிக்கின் மேல் மூன்று நாள் வரைக்கும், அட்டையின் மேல் ஒரு நாள் வரைக்கும் கிருமி இருக்கும் என்று அந்த மார்ச் மாதம் ஓர் ஆய்வு வந்தது. ஆய்வுக்கூடத்தில் வேண்டுமென்றே கிருமியைத் தடவிவைத்துப் பார்த்த கணக்கு அது. பிறகு 2021 ஏப்ரலில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொன்னது: கிருமி பட்ட பொருளை ஒரு தடவை தொடுவதால் நோய் வரும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு.

கோயம்பேடு ஞாபகம் இருக்கும். 2020 ஏப்ரல் கடைசியில் அங்கே பரவ ஆரம்பித்து, மே 5-ஆம் தேதி சந்தையையே மூடி, மொத்த வியாபாரத்தைத் திருமழிசைக்கு மாற்றினார்கள். அதற்குள் கடலூர், விழுப்புரம், அரியலூர் என்று போய்விட்டது. அப்போது எங்கள் தெருவில் காய்கறி வண்டியைக் கண்டாலே கதவைச் சாத்தினார்கள். அதை ஊர் ஊராகக் கொண்டுபோனது காய் மூட்டை இல்லை ஐயா. நெருக்கியடித்து நின்று, சத்தம் போட்டு விலை பேசி, ஒன்றாகப் படுத்து எழுந்து, லாரியில் ஊர் திரும்பிய மனிதர்களின் மூச்சு.

வீட்டில் மிளகாய் வற்றல் வறுக்கும்போது என்ன ஆகிறது? அடுப்படியில் வறுத்தால் கூடத்தில் இருப்பவருக்கு இருமல் வருகிறது. கதவு ஜன்னலைச் சாத்தியிருந்தால் அரை மணியானாலும் நெடி இறங்காது. கொல்லைக் கதவையும் வாசல் கதவையும் திறந்து விட்டால் கொஞ்ச நேரத்தில் போய்விடும். அடுப்பு மேடையை எத்தனை முறை துடைத்தாலும் நெடி குறையாது. கொரோனாவும் இப்படித்தான். தொற்று உள்ளவர் பேசும்போதும் மூச்சு விடும்போதும் கிளம்பும் மிக நுண்ணிய துளிகள் அடைத்த அறையில் மிதந்துகொண்டே இருக்கும். மிளகாய் நெடியாவது மூக்கில் ஏறிச் சொல்லிவிடும், இதற்கு வாடையே கிடையாது. அதுதான் தொல்லை.

காய்கறிக்கு ஓடும் தண்ணீர் போதும். சோப்பு வயிற்றுக்குள் போனால் வாந்தி, பேதி வரும். சாப்பிடும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவதை மட்டும் விட வேண்டாம். கிருமியைச் சுற்றியுள்ள கொழுப்பு உறையைச் சோப்பு உடைத்துவிடும், வேறு பல நோய்களுக்கும் அது காவல்.

கேள்வி: ஏசி போட்ட துணிக்கடையில் இரண்டாவது மாடியில் வேலை செய்கிறேன். காலை 9.30-லிருந்து இரவு 9.30 வரை நின்றபடி மாஸ்க் போட்டுக்கொண்டேதான் சேலை எடுத்துக் காட்டுகிறேன். அப்படியும் இரண்டு முறை வந்துவிட்டது. எங்கே தப்பு செய்கிறேன்?
– விற்பனைப் பெண், தஞ்சாவூர்

உன் கடிதத்தின் கடைசியில் ஒரு வரி இருக்கிறது மகளே. "மதியம் கிடங்குக்குப் பக்கத்து அறையில் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து சாப்பிடுவோம்." அங்கே மாஸ்க்கைக் கழற்றுகிறீர்கள், பக்கம் பக்கமாக உட்கார்ந்து சிரித்துப் பேசுகிறீர்கள், ஜன்னலும் இருக்காது. பன்னிரண்டு மணி நேரம் கட்டிக் காத்ததை அந்த அரை மணி கொண்டுபோய்விடுகிறது.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். 2020 ஆகஸ்டில் நானும் நர்ஸும் கம்பவுண்டரும் காலையிலிருந்து என்95 மாஸ்க்கைக் கழற்றாமல் காய்ச்சல்காரர்களைப் பார்த்தோம். மதியம் இரண்டு மணிக்குக் கொசுவுக்குப் பயந்து ஜன்னல் சாத்திய பின்னறையில் மூவரும் சேர்ந்து டிபன் கேரியரைப் பிரிப்போம். கம்பவுண்டர் ஒரு வெள்ளிக்கிழமை உடம்பு வலி என்றார். அடுத்த புதன்கிழமைக்குள் மூன்று பேரும் படுத்துவிட்டோம். நோயாளிகளிடமிருந்து பத்திரமாக இருந்துவிட்டு, எங்களுக்குள் நாங்களே கொடுத்துக்கொண்டோம். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுபவர் நம் ஆள்தானே என்ற நினைப்பு. அதன் பிறகு கொல்லையில் வேப்பமரத்தடியில், ஒருவர் பின் ஒருவராகத்தான் சாப்பாடு.

ஏசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீடுகளிலும் கடைகளிலும் இருக்கும் ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறையில் இருக்கும் அதே காற்றைத்தான் குளிர வைத்துத் திரும்ப விடுகிறது. சீனாவில் குவாங்சோ நகரத்தில் 2020 ஜனவரி 24 அன்று ஜன்னல் இல்லாத ஏசி உணவகம் ஒன்றில் வூஹானிலிருந்து வந்த குடும்பம் சாப்பிட்டது. அந்த மேசையிலும் இரண்டு பக்கத்து மேசைகளிலுமாக மூன்று குடும்பங்களில் 10 பேருக்கு வந்தது. மூன்று மேசைகளும் ஒரே ஏசியின் காற்று சுற்றிவரும் வரிசையில் இருந்தன.

நீ செய்யக்கூடியது: மொட்டை மாடியிலோ படிக்கட்டு வளைவிலோ, இரண்டு இரண்டு பேராகச் சாப்பிடுங்கள். துணி மாஸ்க்காக இருந்தால் மாற்று; மூக்கோரம் இடைவெளி இல்லாமல் படியும் என்95 போடு. சாப்பாட்டு அறைக்கு எக்ஸாஸ்ட் ஃபேன் வேண்டும் என்று நான்கைந்து பேர் சேர்ந்து முதலாளியிடம் கேளுங்கள். வாரம் ஒருத்தி லீவு போடுவதில் அவருக்கும் நஷ்டம்தான், அதையே சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: எங்கள் பஜனைக் குழுவில் முப்பது பேர், பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். மார்கழி வருகிறது. சிறிய மண்டபத்தில் இரண்டு மணி நேரம் பாடுவோம். சானிடைசர் வைத்திருக்கிறோம். போதுமா?
– பஜனைக் குழுச் செயலாளர், சுவாமிமலை

போதாது. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில், 2020 மார்ச் 10-ஆம் தேதி ஒரு சேர்ந்திசைக் குழு இரண்டரை மணி நேரம் பயிற்சி செய்தது. வந்தவர்கள் 61 பேர். அவர்களில் ஒருவருக்கு லேசான ஜலதோஷம். அந்த 61 பேரில் கடைசியில் 53 பேர் நோயாளிகள் ஆனார்கள், இருவர் இறந்துபோனார்கள். வாய்விட்டுப் பாடும்போது, பேசுவதைவிட அதிகமாக நுண்துளிகள் வெளியே வரும். பாடுபவர் இழுக்கும் மூச்சும் ஆழமானது.

பஜனையை நிறுத்தச் சொல்லவில்லை. மார்கழி விடியலில் வீதியில் பாடிக்கொண்டு போவது நம் பழக்கம்தானே? அந்தத் திறந்த வெளியைவிட நல்ல இடம் கிடையாது. பனி ஒத்துக்கொள்ளாத பெரியவர்களுக்குக் கோயில் பிரகாரம் இருக்கிறது. மண்டபம்தான் வேண்டும் என்றால் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள், அரை மணிக்கு ஒரு முறை எல்லோரும் வெளியே வாருங்கள். தொண்டை கரகரக்கிறவர் அன்றைக்கு வர வேண்டாம் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். இவர் வராவிட்டால் சுருதி நிற்காது என்று ஒருவரை வற்புறுத்தி அழைத்து வருவதுதான் ஆபத்து.

கேள்வி: வீட்டுக்காரருக்கு டெஸ்டில் கொரோனா என்று வந்திருக்கிறது. தனி அறையில் வை என்கிறார்கள். எங்களுக்கு இருப்பதே ஓர் அறை, ஐந்து பேர். தனி அறைக்கு எங்கே போவேன்?
– பெயர் வேண்டாம், நாகப்பட்டினம்

தனி அறை, தனிக் கழிப்பறை என்று நாங்கள் எழுதித் தரும்போது, எந்த வீட்டை நினைத்து எழுதுகிறோம் என்று யோசிப்பதில்லை அம்மா. அதற்காக உங்களிடம் வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன்.

முதலில் ஒரு தைரியம். வீட்டில் ஒருவருக்கு வந்தால் எல்லோருக்கும் வந்தே தீரும் என்பதில்லை. ஆரம்ப காலத்து ஆய்வுகளில், வீட்டிலிருந்த மற்றவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத்தான் வந்தது. ஒமைக்ரான் வந்த பிறகு அது கூடியது, அப்போதும் பலருக்கு வரவில்லை. ஆகவே நீங்கள் செய்வது எதுவும் வீண் போகாது.

திண்ணையோ தாழ்வாரமோ இருந்தால், மழையில்லாத இரவில் கொசுவலை கட்டி அவர் அங்கே படுக்கட்டும். நோயாளியை வெளியே தள்ளிவிட்டார்கள் என்று யாராவது சொன்னால், டாக்டர் சொல்லித்தான் செய்தேன் என்று என்னைக் கைகாட்டுங்கள். உள்ளேதான் படுக்க வேண்டும் என்றால் ஜன்னலோரம் அவருக்கு; உங்கள் தலை அவர் கால் பக்கம் இருக்கட்டும். டேபிள் ஃபேன் இருந்தால் அவர் பக்கத்து ஜன்னலில் வெளியே பார்த்தபடி வையுங்கள், அறைக் காற்றைப் பிடித்து வெளியே தள்ளும். எதிர்க் கதவு கொஞ்சம் திறந்திருக்க வேண்டும், அப்போதுதான் புதுக்காற்று உள்ளே வரும். சீலிங் ஃபேன் மட்டும் போட்டு எல்லாவற்றையும் சாத்தினால் அதே காற்றுதான் சுற்றிச் சுற்றி வரும். விழித்திருக்கும் நேரமெல்லாம் அவர் மாஸ்க் போடட்டும். தட்டு, டம்ளர் வழக்கம்போலத் தேய்த்தால் போதும். கைக்குழந்தை இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள்; உங்களுக்கே காய்ச்சல் வந்தாலும் மாஸ்க் போட்டுக்கொண்டு தாய்ப்பால் கொடுக்கலாம், நிறுத்த வேண்டாம்.

விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியை இரவல் வாங்கியாவது பாருங்கள். 94-க்குக் கீழே போனால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, பேச்சில் குழப்பம், உதடு நீலம் பாரித்தல், இதில் எது வந்தாலும் நேரம் பார்க்காமல் 108-க்குப் போன் செய்யுங்கள்.

கேள்வி: தினமும் ஆவி பிடித்து, கபசுரக் குடிநீர் குடித்தால் வராதுதானே?
– கல்லூரி மாணவர், திருவாரூர்

ஆவி மூக்கடைப்புக்கு இதம் தரும், கிருமியைக் கொல்லாது. சூடு பட்டு முகம் வெந்த குழந்தைகளுக்கு நான் மருந்து போட்டிருக்கிறேன். கபசுரக் குடிநீர் குடிக்கிற தைரியத்தில் மாஸ்க் இல்லாமல் கூட்டத்துக்குள் போகாதே தம்பி.

கேள்வி: பேரன் பெங்களூரிலிருந்து தீபாவளிக்கு வருகிறான். நேற்றிலிருந்து தொண்டை கரகரப்பாம், வீட்டு டெஸ்டில் இல்லை என்று காட்டியதாம். வீட்டில் 84 வயது மாமியார் இருக்கிறார். வராதே என்று சொல்ல மனம் வரவில்லை. என்ன செய்வது?
– ஓய்வு பெற்ற ஆசிரியை, மன்னார்குடி

இந்தக் கடிதத்தை மூன்று நாள் மேசை மேலேயே வைத்திருந்தேன். 2021 மே மாதம், இரண்டாவது அலை உச்சத்தில் இருந்தபோது, எனக்கும் ஒரு நாள் இப்படித்தான் தொண்டை கரகரத்தது. நாள் முழுக்க மாஸ்க்குக்குள்ளிருந்து சத்தமாகப் பேசியதால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இரவு வீட்டுக்கு வந்து, கதவு சாத்திய அறையில் அம்மாவுக்குத் தலை வாரிப் பின்னிவிட்டேன், அரை மணி நேரம் இருக்கும். மறுநாள் எனக்குக் காய்ச்சல். நான்காம் நாள் அம்மாவுக்கு. பதினொரு நாள் ஆக்சிஜன் வைத்துப் பிழைத்து வந்தார், ஆனால் அதற்குப் பிறகு மாடிப்படி ஏறவே இல்லை. மாடித் தோட்டத்து மல்லிகையை நான்தான் பறித்துக்கொண்டுவந்து கொடுப்பேன். ஒரு நாளும் என்னைக் குறை சொன்னதில்லை.

காய்ச்சல் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்னாலும், தெரிந்த முதல் சில நாட்களிலும்தான் இது அதிகமாகப் பரவும். நன்றாக இருக்கிறோம், லேசான கரகரப்புதான் என்று நினைக்கும் நேரம்தான் அது. முதல் நாள் டெஸ்டில் இல்லை என்று வந்தால் நம்பிவிட முடியாது. 48 மணி நேரம் கழித்து மறுபடியும் பார்க்கச் சொல்லுங்கள். காய்ச்சல் அடித்தாலோ, டெஸ்டில் வந்துவிட்டாலோ கிளம்பவே வேண்டாம். தீபாவளிப் பலகாரத்தை நீங்கள் கூரியரில் அனுப்பலாம்.

இரண்டு முறையும் இல்லை என்று வந்து, தொண்டையும் தேறியிருந்தால் வரட்டும், வழியெல்லாம் மாஸ்க்கோடு. படுக்கை மாடியில். உங்களுடையது முற்றம் வைத்த வீடு என்று எழுதியிருக்கிறீர்கள், அது பெரிய பாக்கியம். எனக்குக் கவலை தருவது ஒன்றுதான். விடியற்காலையில் கொள்ளுப்பாட்டி தலையில் எண்ணெய் வைப்பார். அப்போது இருவர் முகமும் ஒரு சாண் தூரத்தில் இருக்கும். மனையைக் கூடத்தில் போடாமல் முற்றத்தில் போடுங்கள், இருவரும் மாஸ்க் போட்டுக்கொள்ளட்டும். எண்ணெய் உச்சந்தலையில்தானே வைக்கிறோம், மூக்கும் வாயும் மூடியிருந்தால் சாஸ்திரத்துக்கு ஒரு குறையும் இல்லை.

கேள்வி: பங்காளி வீட்டில் பெரியவர் ஒருவர் மூப்பில் இறந்துவிட்டார். எனக்கு இரண்டு நாளாக இருமல். போகாவிட்டால் காலத்துக்கும் சொல்லிக் காட்டுவார்கள். மாஸ்க் போட்டுக்கொண்டு போய் ஒரு முறை கட்டி அழுதுவிட்டு வந்துவிடட்டுமா?
– குடும்பத் தலைவி, பாபநாசம்

கட்டி அழும்போது பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, தோள் மேல் கை போட்டு, முகத்தோடு முகம் சேர்த்து, வாய் திறந்து ஒப்பாரி வைப்பார்கள். அழுகிற வேகத்தில் மாஸ்க் நனைந்து இறங்கிவிடும். அந்த வட்டத்தில் பெரும்பாலும் அறுபது, எழுபது வயதுக்காரர்கள். உங்கள் இருமல் கொரோனாவா, சாதாரணச் சளியா என்பது எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அந்த வட்டத்துக்குள் போக வேண்டாம் அம்மா.

தெருவில் பந்தலுக்கு வெளியே தள்ளி நின்று, எடுக்கும்போது கும்பிட்டுவிட்டு வாருங்கள். செலவுக்கு ஏதாவது கொடுப்பதானால் யாரிடமாவது கொடுத்து அனுப்புங்கள். அந்த வீட்டுப் பெரியம்மாவிடம் இன்றைக்கே போனில் நீங்களே பேசிவிடுங்கள்: "எனக்கு இருமல் இருக்கு, உங்களுக்கெல்லாம் ஒட்டிக்கிடக் கூடாதுன்னுதான் உள்ள வரலை. குணமானதும் வந்து உங்ககூட ரெண்டு நாள் இருக்கேன்." துக்கம் கேட்கப் பதினாறாம் நாள் வரைக்கும் நேரம் இருக்கிறது. வந்த கூட்டமெல்லாம் கலைந்துபோய் அந்த அம்மா தனியாக உட்கார்ந்திருப்பது அதற்கப்புறம்தான். அன்றைக்குப் போய்ப் பக்கத்தில் உட்காருங்கள்.